கிடாரமும் மின்குவளையும்: மன்னார்த் தீவின் கஞ்சி வரலாறும் சூப் மேக்கரும்

தாராபுரம், மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியை ஒட்டி, மன்னார்த் தீவில் அமைந்த முஸ்லிம் ஊர். பனையும் தென்னையும் வளரும் மணல் நிலம். இரு பக்கமும் கடல். இங்கும் அண்டை ஊரான எருக்கலம்பிட்டியிலும் தீவின் மற்ற ஊர்களிலும் காய்ச்சிக் குடிக்கும் உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் மின்சார சூப் மேக்கர் வந்து நிற்கிறது. காய்கறியையும் நீரையும் உள்ளே போட்டு மூடி, பொத்தானை அழுத்தினால் அரை மணி நேரத்துக்குள் சூப் தரும் குவளை அது. வீட்டுச் சமையலுக்கு அதை வாங்கலாமா என்ற கேள்விக்கு விலைப்பட்டியல் மட்டும் விடை தராது. இந்தக் கரையில் கஞ்சியும் கூழும் எப்படிக் காய்ச்சப்பட்டன, யாருக்காகக் காய்ச்சப்பட்டன என்பதைப் பார்த்தால் விடை தெளியும்.

காய்ச்சிக் குடிப்பவை

வட இலங்கைக் கரையில் காய்ச்சிக் குடிப்பவற்றையும் சோற்றில் ஊற்றுபவற்றையும் மக்கள் தனித்தனிப் பெயர்களால் அழைக்கிறார்கள். அரிசி குழைய வெந்தால் கஞ்சி. மாவு கரைத்துத் தடிப்பாக்கினால் கூழ். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் இட்டால் சொதி. மிளகும் புளியும் முன் நின்றால் ரசம். முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். புளி கரைத்த மெல்லிய ஆணம் புளியாணம். இவற்றுக்குப் பிறகு வந்த சொல் சூப். ஆட்டெலும்பையோ கோழியையோ மிளகுடன் நீண்ட நேரம் அவித்து வடித்த சாற்றையே இங்கே பெரும்பாலும் அந்தச் சொல் குறிக்கும்.

இவற்றில் எதிலும் காய்கறியை வெண்ணெய் போல அரைத்துத் தடிப்பாக்குவதில்லை. தடிப்பு அரிசியின் மாப்பொருளிலிருந்தோ, ஒடியல் மாவிலிருந்தோ, பருப்பிலிருந்தோ, தேங்காய்ப்பாலிலிருந்தோ வருகிறது. அரைக்கும் வேலை அம்மியில் மசாலாவோடு முடிந்துவிடும்; அடுப்பில் நடப்பது அவித்தலும் கிண்டலும்தான். சூப் மேக்கரின் பயனை எடைபோடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

மாந்தையில் கிடைத்த சாட்சி

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், திருக்கேதீஸ்வரம் கோயிலைச் சூழ்ந்து மாந்தைத் துறைமுகத்தின் மேடு கிடக்கிறது. பாளி நூல்கள் இதை மஹாதித்த என்று அழைத்தன. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையிலும், 2009-2010 காலத்தில் மீண்டும் இங்கே அகழாய்வு நடந்தது. பிந்திய அகழாய்வின் மண்ணைச் சலித்தபோது கரியாகிப் போன நெல்மணிகளும் மிளகும் கராம்பும் கிடைத்தன. கராம்பு கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் விளைந்து, கடல்வழியாக இந்தத் துறைக்கு வந்தது. அந்தக் கராம்பின் காலம் ஏறக்குறைய கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பட்டது.

அரிசி, மிளகு, கராம்பு என்ற இந்த மூன்றும் இன்றைய றமழான் நோன்புக் கஞ்சியிலும் சேர்கின்றன. மாந்தையில் வாழ்ந்தவர்கள் இதே கஞ்சியைக் காய்ச்சினார்கள் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் இந்தக் கரையின் அடுப்புக்கு இப்பொருள்கள் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் உள்ளவை என்பது அதனால் உறுதியாகிறது. அரிசி இன்றும் பெருநிலத்திலிருந்துதான் தீவுக்கு வருகிறது. கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்களே மன்னார் மாவட்டத்தின் நெற்களஞ்சியம்.

கஞ்சி என்ற சொல்லின் பயணம்

1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1563 இல், கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா வெளியிட்ட மருந்துப்பொருள் நூலில் கஞ்சி என்ற சொல் இடம்பெற்றது. மிளகும் சீரகமும் சேர்த்த அரிசி நீரை நோயாளிக்குக் கொடுக்கும் வழக்கத்தை அவர் அங்கே குறித்தார். போர்த்துக்கேயர் வழியே அச்சொல் ஆங்கிலத்துக்குப் போய், இன்று சீனம் முதல் இந்தோனேசியா வரையான எல்லா அரிசிக் கஞ்சிக்கும் ஆங்கிலப் பொதுப்பெயராக நிற்கிறது. பின்னர் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர் மிளகுத்தண்ணீரைத் தங்கள் மேசைக்கு ஏற்ப இறைச்சி சேர்த்த சூப்பாக்கி, அதன் பெயரையும் திரித்து எடுத்துச் சென்றனர். உலகத்தின் சூப்புப் பட்டியலில் தமிழ்ச்சொல் ஒன்று நுழைந்தது அப்படித்தான்.

ஒடியற் கூழ்

தீவின் மணலில் பனை தானாக வளரும். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து எடுத்த மாவில் கசப்பும் நச்சுத்தன்மையும் உண்டு என்பதால், அதை நீரில் ஊறவிட்டு மேல்நீரை இறுத்து ஊற்றிய பிறகே கூழுக்கு எடுப்பார்கள்.

கூழ்ப் பானையில் முதலில் மீன்தலை, நண்டு, இறால், கணவாய் போகும். பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், ஒரு பிடி அரிசி கூடச் சேரும். செத்தல் மிளகாயும் புளியும் கரைத்து ஊற்றி, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து விட்டு, அடி பிடிக்காமல் கிண்டி இறக்குவார்கள். பனையோலையைக் கோலி மடித்த பிளாவில் ஊற்றி, எல்லோரும் வட்டமாக இருந்து குடிப்பது மரபு. யாழ்ப்பாணக் கரைகளில் தொடங்கி மன்னார் வரை மீன்பிடி ஊர்கள் அறிந்த உணவு இது. 1978 இல் அரசு நிறுவிய பனை அபிவிருத்திச் சபையின் வேலைகளில் ஒடியல் உள்ளிட்ட பனைப் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதும் ஒன்று.

பள்ளிவாசல் கிடாரம்

தாராபுரம் போன்ற ஊர்களில் கஞ்சி முழு உருவம் பெறுவது றமழான் மாதத்தில். நோன்புக் கஞ்சி ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பள்ளிவாசலில் காய்ச்சப்படும். பெரிய கிடாரத்தைக் கல் அடுப்பில் ஏற்றி, காலையிலோ நண்பகலிலோ தீ மூட்டுவார்கள். பச்சரிசியும் வெந்தயமும் பயறும் முன்பே ஊறியிருக்கும். எலும்போடு கூடிய இறைச்சி, இஞ்சி, உள்ளி, வெங்காயம், றம்பை, கறுவா, ஏலக்காய், கராம்பு, மிளகு எல்லாம் நீரோடு கொதித்து எலும்பின் சாறு இறங்கிய பிறகு அரிசி விழும். முதலில் மணி தனித்தனியாகச் சுழலும். பிறகு ஓரம் வெடித்து மலரும். அதற்குப் பின்தான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. மாப்பொருள் நீரில் இறங்கக் கஞ்சி கனத்து, குமிழிகள் மெதுவாகப் பொங்கி வெடிக்கும். கைநீளத்தை விட நீண்ட மரத்துடுப்பை அடியில் உரசும்படி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். அடி பிடித்த மணம் முழுக் கிடாரத்துக்கும் ஏறும். தேங்காயின் தண்ணிப்பால் முன்னே, முதற்பால் இறக்கும் தறுவாயில். முதற்பால் விழுந்த பின் கடுமையாகக் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும் என்பதால் தீயைத் தணித்துவிடுவார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பங்கீடு. பிள்ளைகள் வாளியும் தூக்குச்சட்டியும் கொண்டு வரிசையில் நிற்பார்கள். மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் நோன்பு திறந்து, அதே கஞ்சியை எல்லா வீடும் குடிக்கும். வசதியுள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் அன்று ஒரே கிடாரம். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலும் இவ்வழக்கு உண்டு. தமிழ்நாட்டு அரசு நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு ஆண்டுதோறும் பச்சரிசி வழங்கிவருகிறது. மலேசியாவில் கோலாலம்பூர் கம்போங் பாருப் பள்ளிவாசலில் காய்ச்சிப் பங்கிடும் புபுர் லம்புக் என்பதும் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அரிசிக் கஞ்சிதான்.

1990 உம் அதன் பின்னும்

1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களைச் சில நாள் கெடுவில், சில இடங்களில் சில மணி நேரக் கெடுவில், வெளியேற்றினர். ஏறக்குறைய 75,000 பேர் வீடு, நிலம், கடை, வள்ளம், நகை எல்லாவற்றையும் விட்டுப் போக நேர்ந்தது. மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் கடல்வழியே கற்பிட்டியை அடைந்து, புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் குடிசை முகாம்களில் குடியேறினர். ஒரு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தது. தாராபுரத்தின் அடுப்புகளும் அந்த ஆண்டுகளில் அணைந்து கிடந்தன. அது மன்னிக்கவோ மறக்கவோ எளிதாகாத பெரும் அநீதி.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. 2015 இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடியது. மீள்குடியேற்றம் மெதுவாக நடந்தது. பல குடும்பங்கள் இன்றும் புத்தளத்திலும் மன்னாரிலுமாக இரண்டு வீட்டு வாழ்வு வாழ்கின்றன. புதிதாகக் கட்டிய வீடுகளின் குசினிகள் பழைய விறகுக் குசினியிலிருந்து மாறுபட்டவை. அங்கே மின்செருகியும் எரிவாயு அடுப்பும் முதல் நாளிலிருந்தே இடம்பெற்றன.

விறகிலிருந்து மின்சாரத்துக்கு

பழைய அடுப்பின் எரிபொருள் முற்றத்திலேயே கிடைத்தது: காவோலை, பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை, சிரட்டை. 1977 இல் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் மின் உபகரணங்கள் நாட்டில் பரவின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் பிளெண்டரும் ரைஸ் குக்கரும் கொண்டுவந்தார்கள்.

ரைஸ் குக்கர் வேரூன்றியதற்குக் காரணம் தெளிவானது. 1955 இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் விற்பனைக்கு விட்ட தானியங்கி மாதிரி, நீர் வற்றியதும் சூடு 100 பாகையைத் தாண்டுவதை உணர்ந்து தானே அணைந்தது. சோறு ஏற்கெனவே அன்றாட உணவாக இருந்த நாடுகளில் அடுப்பைக் காத்து நிற்கும் வேலையை அது நீக்கியது. உணவு அப்படியே இருந்தது. உழைப்பு மட்டும் குறைந்தது.

எரிபொருள் நெருக்கடியும் வீட்டாரைப் புதிய கருவிகளின் பக்கம் தள்ளியது. 2021 இறுதியில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் நாடு முழுவதும் அச்சம் பரப்பின. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சிலிண்டருக்கு நீண்ட வரிசைகள் நின்றன. ஆனால் அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எரிவாயுவை விட்டு மின்சாரத்தை நம்பியவரும், மின்சாரத்தை விட்டு எரிவாயுவை நம்பியவரும் கடைசியில் விறகுக்கே திரும்பினர். 2020 டிசம்பரில் இதே மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டிருந்தது. அதன் திறன் 103.5 மெகாவாற். அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குச் செல்வதால், தீவின் வானத்தில் விசிறிகள் சுழன்றபோதும் தீவின் வீடுகளுக்கும் வெட்டு வந்தது.

சூப் மேக்கரின் பிறப்பு

சூப் மேக்கர் இரண்டு கருவிகளின் கலப்பு. ஒன்று பிளெண்டர்: 1922 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஸ்டீபன் பொப்லவ்ஸ்கி, குவளையின் அடியில் சுழலும் அலகை வைத்து, பால் பானங்களைக் கலக்கப் பயன்படுத்தினார். மற்றது மின்கேத்தல். இரண்டையும் முதலில் ஒன்றாக்கியது சீனத்து வீடுகளின் தேவை. காலை உணவுக்குச் சோயாப்பால் அரைத்துக் காய்ச்சும் இயந்திரத்தை 1994 இல் ஷான்டொங் மாகாணத்தின் ஜோயங் நிறுவனம் உருவாக்கியது. அரைத்தலும் காய்ச்சலும் ஒரே குவளையில் நடந்தன. பொங்கி வழியாமல் தடுக்க மூடியிலிருந்து ஓர் உணரி கீழே நீண்டது. 2010களின் தொடக்கத்தில் இதே அமைப்பு பிரிட்டனில் காய்கறி சூப்புக்கென்று பெருமளவில் விற்கப்பட்டது. குளிர்நாட்டில் நடுப்பகலுக்குப் பாணோடு ஒரு கோப்பை அரைத்த சூப் குடிப்பது வழமை என்பதால் அங்கே அது இயல்பாகப் பொருந்தியது.

வழக்கமான மாதிரியின் கொள்ளளவு ஏறக்குறைய 1.6 லீற்றர், அதாவது நான்கு கோப்பை. வெப்பத்தகடு 1,000 வாற் அளவு. அரைத்த சூப்புக்கு 20 நிமிடத்துக்குச் சற்று மேலும், துண்டுகள் நிற்கும் சூப்புக்கு அரை மணி நேரம் வரையும் எடுக்கும். பெரும்பாலான மாதிரிகளில் பச்சை இறைச்சி போடக்கூடாது. வேகவைத்த இறைச்சியையே சேர்க்க வேண்டும். உறைந்த பொருளை உருகவிட்டுத்தான் போட வேண்டும்.

தீவின் உணவோடு வைத்துப் பார்த்தால்

நோன்புக் கஞ்சிக்கு இந்தக் கருவி உதவாது. கஞ்சியின் உயிர் எலும்பின் சாறு. எலும்பிலும் சவ்விலும் உள்ள கொலாஜின் கரைந்து கஞ்சிக்கு உடம்பு கொடுக்க மணிக்கணக்கான அவிப்பு தேவை. அரை மணி நேரத்தில் அது நடக்காது. எலும்பு அலகையும் கெடுக்கும். அரிசியின் மாப்பொருள் நுரைத்து மேலெழுந்து உணரியைத் தொட்டால் கருவி அடிக்கடி நின்றுவிடும். தடித்துக் கீழே படிந்தால் தகட்டில் கருகும். தேங்காய்ப்பாலை அலகு கடைந்து கொதிக்கவும் விட்டால் திரியும்.

ஒடியற் கூழில் நிலை இன்னும் கடினம். நண்டின் ஓடும் மீன்முள்ளும் குவளைக்குள் போக முடியாது. ஒடியல் மாவு சூடேறும்போது ஒட்டும் பசையாகி நேரே தகட்டின் மேல் இறங்கும். மனிதக் கை பானையின் அடியைத் துடுப்பால் உரசிக்கொண்டே இருக்கும்; கருவியின் அலகோ இடைவெளி விட்டுத்தான் சுழலும். அந்த இடைவெளியில் தகட்டின் நடுவே ஒரு வட்டமாகக் கருகல் படியும். மின்னிணைப்பு அடியில் இருப்பதால் குவளையை நீரில் அமிழ்த்தி ஊறவிடவும் முடியாது. கையை விட்டு ஈரத்துணியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கிணற்று நீரில் உவரும் சுண்ணமும் கூடிய இடங்களில் தகட்டில் வெண்படிவமும் சேரும்.

அளவிலும் பொருத்தமில்லை. 100 லீற்றர் கிடாரத்துக்கு ஈடாக 1.6 லீற்றர் குவளையை 60 தடவைக்கு மேல் ஓட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 25 நிமிடம் என்றால் அது ஒரு முழு நாளையும் தாண்டும்.

ஆனால் இக்கருவி நன்றாகச் செய்யும் வேலைகளும் உண்டு. பூசணி, கரட், தக்காளி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றை வேகவைத்து மசித்த சூப்பை அது ஒரே சீராகத் தரும். பல் இழந்த முதியவர், விழுங்கச் சிரமப்படும் நோயாளி, திட உணவுக்குப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் மசித்த உணவு நாள்தோறும் தேவைப்படும். கார்சியா த ஓர்த்தா குறித்த நோயாளிக் கஞ்சியின் இடத்தை இன்று இப்படிப்பட்ட சூப் ஓரளவு எடுத்துக்கொள்கிறது. தனியாகப் பராமரிப்பவருக்கு அடுப்பைக் காத்து நிற்காமல் நோயாளி அருகே இருக்க முடிவது பெரிய உதவி.

செலவுக் கணக்கு

மின்செலவு ஒரு தடவைக்குச் சிறியது. 1.6 லீற்றர் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.13 மின்னலகு போதும். 1,000 வாற் தகடு 25 நிமிடம் இடைவிடாமல் எரிந்தாலும் 0.42 அலகைத் தாண்டாது. நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதம் 13 அலகுக்குள் அடங்கும்.

ஆனால் இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. 30, 60, 90 என்று அலகு கூடும்போது ஒவ்வோர் அலகின் விலையும் நிலைக்கட்டணமும் ஏறும். கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பிந்திய ஆண்டுகளில் குறைப்பும் உயர்வும் மாறி மாறி வந்தன. ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டில் கூடுதலான 13 அலகு பட்டியலை அடுத்த படிக்கு ஏற்றிவிடக்கூடும். வாங்குமுன் கடந்த சில மாதப் பட்டியல்களை எடுத்துப் பார்ப்பது நல்லது. நில இணைப்பு உள்ள 13 அம்பியர்ச் செருகியும், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்சும் வீட்டில் இருப்பது கட்டாயம். ஊரில் திருத்துநரும் உதிரிப்பாகமும் கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். அரைக்கும் அலகும் வெப்பத்தகடும் ஒரே உடலில் இருப்பதால் ஒன்று பழுதானால் இரண்டும் பயனற்றுப் போகும்.

இதற்கு மாற்று எளியது. ஏற்கெனவே உள்ள பானையில் காய்கறியை அவித்து, கைப்பிடி பிளெண்டரால் பானையிலேயே மசித்தால் அதே சூப் கிடைக்கும். பானை வேறு கறிக்கும் உதவும். பிளெண்டர் மோருக்கும் சட்னிக்கும் உதவும். மின்வெட்டு வந்தால் அகப்பையின் பின்புறமோ மத்தோ போதும்.

முடிவு

வீட்டில் மசித்த உணவை நாள்தோறும் உண்ண வேண்டியவர் ஒருவர் இருந்து, அவரைப் பார்ப்பவருக்கு அடுப்பருகே நிற்க நேரமில்லாவிட்டால், சூப் மேக்கர் கொடுத்த விலைக்குப் பயன் தரும். மற்ற வீடுகளுக்கு ஒரு நல்ல அடிகனத்த பானையும் கைப்பிடி பிளெண்டரும் போதும். கஞ்சிக்காகவோ கூழுக்காகவோ இக்கருவியை வாங்குவது வீண்செலவு. தாராபுரத்தில் றமழான் மாதத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அஸருக்குப் பிறகு ஒரு தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போனால் போதும்.